ஒரே கதை, ஓவியருக்கு ஓர் ஓநாய்

சுங்கை சிப்புட்டிலோ தோ பாயோவிலோ வளரும் ஒரு பிள்ளை காட்டில் ஓநாயைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தீபகற்பக் காடுகளில் புலி உண்டு, கரடி உண்டு, காட்டுப் பன்றி தாராளமாக உண்டு, ஓநாய் கிடையாது. ஆனாலும் ஓநாய் என்று சொன்னதும் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஓர் உருவம் வந்து நிற்கும். நீண்ட மூக்கு, தொங்கும் நாக்கு, தலையில் பாட்டியின் தொப்பி. அந்த உருவம் காட்டிலிருந்து வந்ததல்ல, படப் புத்தகத்திலிருந்து வந்தது.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைத் தெரியாதவர்கள் குறைவு. தாய் கொடுத்த பலகாரக் கூடையுடன் ஒரு சிறுமி பாட்டி வீட்டுக்குப் புறப்படுகிறாள். வழியில் ஓநாய் ஒன்று பேச்சுக் கொடுத்து, எங்கே போகிறாய் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது. முந்திச் சென்று பாட்டியை விழுங்கிவிட்டு, அவர் படுக்கையில் போர்த்திக்கொண்டு படுத்துக்கொள்கிறது. சிறுமி வருகிறாள். காது ஏன் பெரிது, கண் ஏன் பெரிது, பல் ஏன் பெரிது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பது கதையை யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கதைக்குள் ஒரு கேள்வி புதைந்திருக்கிறது. தவறு யாருடையது? வழியில் நின்று பேசிய சிறுமியுடையதா, தனியாக அனுப்பிய தாயுடையதா, ஏமாற்றிய ஓநாயுடையதா? எழுத்து இதை ஓரிரு வரிகளில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஓவியரால் அப்படி நகர முடியாது. சிறுமியை எவ்வளவு உயரமாக வரைவது, ஓநாயின் முகத்தைக் காட்டுவதா முதுகைக் காட்டுவதா, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் அவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுகளிலேயே அவருடைய பதில் வெளிப்பட்டுவிடுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரே கதைக்கு வரையப்பட்ட படங்களைப் பார்த்தால், அந்தப் பதில் எத்தனை முறை மாறியிருக்கிறது என்பது தெரிகிறது.

தொப்பியா, முக்காடா, அங்கியா?

கதையை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் பிரான்ஸ் நாட்டின் சார்ல் பெரோ. ஆண்டு 1697. அவருடைய கதையில் வேடன் வருவதில்லை, யாரும் காப்பாற்றுவதில்லை. ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, கதை முடிந்தது. அதன் கீழே பெரோ செய்யுளில் ஓர் அறிவுரை சேர்த்தார். இளம் பெண்கள் கண்டவர் பேச்சைக் கேட்கக் கூடாது, இனிக்கப் பேசி வீடு வரை பின்தொடரும் ஓநாய்களே எல்லாவற்றிலும் ஆபத்தானவை என்பது அதன் சாரம். ஓநாய் என்று அவர் யாரைச் சொல்கிறார் என்பதில் ஐயமே இல்லை.

அச்சுக்கு முன்பே, 1695ஆம் ஆண்டில் தயாரான வண்ணப் படங்கள் கொண்ட கையெழுத்துப் பிரதி ஒன்று இன்று நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் உள்ளது. அதில் இந்தக் கதையின் தலைப்பில் ஒரு சிறு படம்: படுக்கையில் ஒரு பெண், அவள் மேல் பாயும் ஓநாய். படுத்திருப்பது பாட்டியா, சிறுமியா என்று பார்ப்பவர் சற்றுத் தடுமாறலாம். அந்தப் பிரதியின் ஓரத்தில் ஒரு குறிப்பும் உண்டு. ஓநாய் தின்னப் போவதாகச் சொல்லும் இடத்தை, கேட்கும் பிள்ளை பயப்படும்படி உரத்த குரலில் படிக்க வேண்டுமாம். கதை சொல்லும் பாட்டிமார் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவமே பலருக்குப் பழக்கமானது. அதில் வேடன் வந்து கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டி இருவரையும் வெளியே எடுக்கிறான். ஆனால் கிரிம் கதையில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதைப் பலர் கவனிப்பதில்லை. பாதையை விட்டு விலகாதே என்று தாய் எச்சரித்து அனுப்புவது கிரிம் கதையில்தான். பெரோவின் தாய் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஓநாயோடு நின்று பேசுவது ஆபத்து என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்றே அவர் எழுதுகிறார். ஆக, முதல் கதையில் ஒன்றும் அறியாத பிள்ளை, அடுத்த கதையில் சொல் பேச்சுக் கேளாத பிள்ளையாகிவிட்டாள்.

தலையில் இருப்பதும் நாட்டுக்கு நாடு மாறியது. பெரோ சொன்னது தலையை மூடும் ஒரு வகை முக்காடு. கிரிம் சகோதரர்கள் சொன்னது சிவப்பு வெல்வெட் துணியில் தைத்த சிறு தொப்பி. 1729இல் ராபர்ட் சாம்பர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, அக்காலப் பெண்கள் பயணத்தின்போது அணிந்த முக்காட்டு அங்கியின் பெயரை வைத்தார். இன்று பெரும்பாலான படங்களில் தலை முதல் முழங்கால் வரை சுற்றி விழும் சிவப்பு அங்கிக்கு அந்த ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லே தொடக்கம். தொப்பியென்றால் முகம் முழுக்கத் தெரியும். அங்கியென்றால் சிறுமி பாதி மறைந்துபோகிறாள். காட்டின் நடுவே நகரும் ஒரு சிவப்பு நிறமாகவே அவளைக் காட்டலாம். ஓவியர்கள் அங்கியை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

சிவப்பே இல்லாத படம்

இந்தக் கதைக்கு வரையப்பட்டவற்றில் மிகவும் புகழ்பெற்ற படங்களில் சிவப்பு நிறமே இல்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்த குஸ்தாவ் டோரே, 1862ஆம் ஆண்டுப் பதிப்பாகப் பாரிசில் வெளிவந்த பெரோ கதைகளுக்கு வரைந்தவை அவை. அவர் வரைந்ததைச் செதுக்குக் கலைஞர்கள் மரக்கட்டையில் வெட்டிக் கறுப்பு மையில் அச்சிட்டார்கள்.

இந்தக் கதைக்கு டோரே மூன்றே படங்கள் வரைந்தார். முதலில் காட்டுச் சந்திப்பு. ஓநாய் சிறுமியை ஒட்டியே நிற்கிறது. அதன் பெரிய உடல் பார்ப்பவரின் கண்ணை நிறைக்கிறது. அவள் நிமிர்ந்து அதன் முகத்தைப் பார்க்கிறாள். நாக்கைத் தொங்கவிட்டு, பல்லைக் காட்டி மிரட்டும் விலங்கு அல்ல அது. அவளுக்கு எட்டும் தூரத்தில் அமைதியாக நிற்கும் பெரிய விலங்கு. அமைதியாக நிற்பதுதான் பயம். அடுத்தது, ஓநாய் பாட்டியின் கட்டிலில் ஏறும் காட்சி.

மூன்றாவது படம்தான் பலர் நினைவில் நிற்பது. கட்டிலில் இருவர். ஒரு பக்கம் பாட்டியின் தொப்பியை அணிந்த ஓநாய், மறு பக்கம் சிறுமி. அவள் போர்வையை இழுத்து மார்போடு பிடித்திருக்கிறாள். உடல் விலகுகிறது, கண் மட்டும் ஓநாயை விட்டு விலகவில்லை. தன் பக்கத்தில் படுத்திருப்பது பாட்டி அல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இன்னும் அவள் கத்தவில்லை.

பெரோவின் எழுத்தில் இந்த இடத்தில் சிறுமி கேள்விகளை அடுக்கிக்கொண்டு போகிறாள். படிப்பவர்களுக்கு அது பேதைமையாகத் தோன்றலாம்; இவ்வளவு பெரிய பல்லைப் பார்த்தும் புரியவில்லையா என்று பிள்ளைகளே சிரிப்பதுண்டு. டோரேயின் படத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. அவள் புரியாமல் கேட்கவில்லை; புரிந்துவிட்டதை வெளிக்காட்ட முடியாமல், நேரம் கடத்துவதற்காகக் கேட்கிறாள் என்றே தோன்றும். எழுத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமல் சிறுமியின் அறிவை மாற்றிவிட்டது ஒரு படம். அதற்கு மேல் நடந்ததை டோரே வரையவில்லை. தின்னும் காட்சி இல்லை. பார்ப்பவர் அந்தக் கட்டிலருகிலேயே விடப்படுகிறார்.

ஆட்டுத்தோலும் மதுப் போத்தலும்

இங்கிலாந்தில் வால்டர் கிரேன் 1875இல் இதே கதையை மெல்லிய வண்ணப் புத்தகமாக வரைந்தார். எட்மண்ட் எவன்ஸ் எனும் அச்சுக் கலைஞர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மரக்கட்டை செய்து அச்சிட்ட காலம் அது. சிவப்பு அங்கி இப்போது உண்மையிலேயே சிவப்பாகத் தெரிந்தது. கிரேனின் ஓநாய் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிறது. மேலே ஓர் ஆட்டுத்தோலைப் போர்த்தியிருக்கிறது. கதையில் எங்கும் ஆட்டுத்தோல் கிடையாது. அது பைபிளில் வரும் உவமை. பசுத்தோல் போர்த்திய புலி என்று தமிழில் சொல்வதும் இதைத்தான். பார்க்கும் பிள்ளைக்கு அது ஆடு அல்ல என்று உடனே தெரிகிறது. சிறுமியின் முன் நிற்பது மாறுவேடம் போட்ட மோசடிக்காரன். பழி அவன் மேல்தான் என்பதைக் கிரேன் ஓர் ஆட்டுத்தோலால் சொல்லி முடித்துவிட்டார்.

ஆர்தர் ராக்கம் 1909ஆம் ஆண்டின் கிரிம் பதிப்பில் வரைந்த படத்தில் ஓநாயைவிட மரமே அச்சமூட்டுகிறது. முறுக்கிய வேர்களும் வளைந்த கிளைகளும் சிறுமியைச் சுற்றி நிற்கின்றன. ராக்கம் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அழகு கூடிய அளவுக்கு அங்கே ஆபத்து கூடவில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1939இல் பிறந்த இருவர் இந்தக் கதையைத் தனித்தனிப் புத்தகமாக வரைந்திருக்கிறார்கள். ஒருவர் டிரினா ஷார்ட் ஹைமன், மற்றவர் ஜெரி பிங்க்னி. ஹைமன் சிறுமியாக இருந்தபோது அவருடைய தாய் ஒரு சிவப்பு அங்கி தைத்துக் கொடுத்தாராம். அதை அணிந்துகொண்டு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தன்னையே கதையின் சிறுமியாக எண்ணி நடமாடியதாகவும், வீட்டு நாயே ஓநாயாக இருந்ததாகவும் அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1983இல் அவர் வரைந்த புத்தகம் அந்த நெருக்கத்தைக் காட்டுகிறது. பக்க ஓரங்களில் பூவேலை, நடுவில் நாட்டுப்புற வீடும் அடுப்பும் பானையும். அமெரிக்காவின் கால்டெகாட் சிறப்பு விருது அதற்குக் கிடைத்தது.

சில ஆண்டுகள் கழித்து அந்தப் புத்தகம் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. 1990இல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டி உள்ளிட்ட இரு பள்ளி வட்டாரங்கள் அதை வகுப்பறையிலிருந்து எடுத்தன. காரணம், சிறுமியின் கூடையில் இருந்த திராட்சை மதுப் போத்தல். ஹைமன் அதைத் தாமாகச் சேர்க்கவில்லை. நோயுற்ற பாட்டிக்குக் கேக்கும் திராட்சை மதுவும் கொண்டுபோவதாகத்தான் கிரிம் சகோதரர்களே எழுதியிருக்கிறார்கள். எழுத்தில் ஒரு சொல்லாகக் கடந்துபோகும் போத்தல், படத்தில் கழுத்து நீட்டிக்கொண்டு நிற்கும்போது பெரியவர்கள் விழித்துக்கொண்டார்கள். பாட்டியை ஓநாய் விழுங்கியது அந்தச் சர்ச்சையில் பெரிதாகப் பேசப்படவில்லை.

பிங்க்னியின் புத்தகம் 2007இல் வந்தது. அவருடைய சிறுமி கறுப்பினத்தவள். இடம், பனி மூடிய காடு. வெள்ளைப் பனியில் சிவப்பு அங்கி எவ்வளவு தூரத்திலும் தெரியும். ஓநாயின் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். நூறாண்டுக்கு மேல் அந்த முக்காட்டுக்குள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிறுமியின் முகமே இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் முகத்தை மட்டும் மாற்றிய பிங்க்னியின் துணிவு புரியும். கதை அப்படியே ஓடுகிறது. எதுவும் குறையவில்லை.

ஓநாய்க்குப் பதில் கார்

இதுவரை சொன்னவற்றிலெல்லாம் ஓநாய் ஓநாயாகவே இருந்தது. பிரான்சின் புகைப்படக் கலைஞர் சாரா மூன் 1983இல் அந்த வசதியையும் எடுத்துவிட்டார். பெரோவின் எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, படங்களுக்குப் பதிலாகத் தாம் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைச் சேர்த்தார். காடு இல்லை. நகரத் தெரு, இரவு, ஈரமான கல் தளம், உயர்ந்த சுவர்கள். பள்ளிப் பிள்ளை ஒருத்தி தனியாக நடக்கிறாள். ஓநாய் ஒரு கார். அதன் முன்விளக்குகள் அவள் மேல் அடிக்கின்றன. உள்ளே இருப்பவர் முகம் தெரிவதில்லை. கடைசிப் படத்தில் ஆளே இல்லை. கசங்கிக் கிடக்கும் வெள்ளைப் படுக்கை விரிப்பு மட்டும்.

அந்த நூலுக்கு 1984இல் இத்தாலியின் பொலோனியா நூல் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. அதே சமயம், இது பிள்ளைகளுக்கான புத்தகம்தானா என்ற வாதமும் எழுந்தது. வாதத்தில் நியாயம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுப் போகக்கூடிய நூல் அல்ல அது. ஆனால் பெரோ தம் செய்யுளில் யாரைப் பற்றி எச்சரித்தாரோ, அந்த ஆளை முகத்துக்கு நேரே காட்டியவர் மூன்தான். விலங்காக வரையப்படும் வரை அது கதை. வீட்டு வாசலில் வந்து நிற்கும் கார் ஆகும்போது, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்காகக் காத்திருக்கும் எந்தப் பெற்றோருக்கும் அது கதையாக இருப்பதில்லை.

மூன் எடுத்த படங்களில் சிறுமி மீது குற்றம் சுமத்த ஓரிடமும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பூப் பறிக்க விலகியது, வழியில் மயங்கி நின்றது என்று காட்டும் வழக்கமான படங்கள் அவற்றில் இல்லை. அவள் நடக்கிறாள், அவ்வளவுதான். விளக்கொளி அவளைத் தேடி வருகிறது.

இத்தாலிய ஓவியர் ரொபெர்ட்டோ இன்னொச்செந்தி 2012இல் வேறு வழியில் நகரத்துக்குள் போனார். சிறுவர் இலக்கியத்தின் உயரிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 2008இல் பெற்றவர் அவர். அவருடைய நூலுக்கு எழுத்து ஏரன் ஃபிரிஷ். சிறுமியின் பெயர் சோஃபியா. அவள் கடக்க வேண்டிய காடு ஒரு பேரங்காடி, பெயரே காடுதான். பக்கம் முழுக்க விளம்பரப் பலகைகள், பொம்மைகள், கூட்டம், குப்பை. சிவப்பு அங்கியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பனியில் தனித்துத் தெரிந்த அதே சிவப்பு, இங்கே ஆயிரம் நிறங்களுக்கிடையில் தொலைந்துபோகிறது. ஆபத்து தனிமையில் மட்டும் இல்லை, நெரிசலிலும் உண்டு என்பதை இன்னொச்செந்தி இப்படி வரைந்திருக்கிறார். வழியில் சிறுமியை மிரட்டும் கும்பலிடமிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவன் காப்பாற்றுகிறான். கிரிம் கதையைப் படித்தவர்கள், வேடன் வந்துவிட்டான் என்று மூச்சு விடுவார்கள். அவன்தான் ஓநாய். காப்பாற்ற வருபவரும் அஞ்ச வேண்டியவராக இருக்கலாம் என்ற இந்தத் திருப்பம் பழைய படங்களில் இல்லாதது.

தானே தப்பிய சிறுமிகள்

வேடன் இல்லாமல் தப்பும் சிறுமியை வரைவது இக்காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். பழையதும் அதுவே. பிரான்சின் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டில் எழுதி எடுக்கப்பட்ட வாய்மொழி வடிவம் ஒன்றில் சிவப்பு முக்காடும் இல்லை, வேடனும் இல்லை. ஓநாயோடு படுத்திருக்கும் சிறுமி, வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். அது அவள் காலில் ஒரு நூலைக் கட்டி வெளியே விடுகிறது. அவள் நூலை அவிழ்த்து முற்றத்து மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். வேடனின் துப்பாக்கியைவிட இந்த மரம் பழையது.

சீனக் கதையிலும் ஒரு மரம் உண்டு. தியான்ஜினில் 1931இல் பிறந்து ஷாங்காயில் வளர்ந்து அமெரிக்காவில் குடியேறிய எட் யங், 1989இல் ‘லொன் போ போ’ என்ற நூலை வரைந்தார். அதற்கு 1990ஆம் ஆண்டின் கால்டெகாட் விருது கிடைத்தது. இதில் பாட்டி வீட்டுக்குப் போவது தாய். வீட்டில் மூன்று சகோதரிகள் மட்டும். இரவில் ஓநாய் பாட்டி வேடத்தில் கதவைத் தட்டுகிறது. உள்ளே வந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறது. படுக்கையில் மூத்தவளின் கால் அதன் வாலில் படுகிறது. கேட்டால், கூடை பின்னக் கொண்டுவந்த சணல் என்கிறது. நகம் குத்துகிறது. கேட்டால், செருப்புத் தைக்கும் ஊசி என்கிறது. மூத்தவள் நம்பவில்லை. வெளியே ஜிங்கோ மரத்தில் அருமையான கொட்டைகள் இருப்பதாக ஆசை காட்டி, தங்கைகளோடு மரமேறிவிடுகிறாள். பிறகு ஓநாயைக் கூடையில் வைத்து மேலே இழுத்துக் கீழே விடுகிறார்கள். மூன்றாம் முறை அது செத்துவிடுகிறது.

இந்தக் கதையில் சிவப்பு முக்காடு கிடையாது என்பது ஓவியருக்குப் பெரிய இழப்பு. யங் அதை இருட்டால் ஈடு செய்தார். பக்கத்தைச் சீன மடிப்புத் திரைபோல நீள நீளமான கட்டங்களாகப் பிரித்தார். ஒரு கட்டத்தில் பிள்ளையின் முகம், அடுத்ததில் உரோமம், இன்னொன்றில் ஒளி படும் கண். முழு ஓநாயைப் பார்ப்பது அரிது. இருட்டில் கை தட்டுப்படுவதுபோல் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரிந்ததோ அப்படித்தான் படிப்பவருக்கும் தெரிகிறது. நூலை அவர் ஓநாய்களுக்கே காணிக்கையாக்கியிருப்பது இன்னொரு செய்தி. மனிதரின் இருண்ட பக்கத்துக்கு உருவம் கொடுக்க, பாவம், அந்த விலங்கு தன் நற்பெயரை இரவல் கொடுத்திருக்கிறது என்ற பொருளில் நன்றி சொல்லியிருக்கிறார். தைவானில் இதற்கு நெருங்கிய கதையில் வருவது புலி. ஓநாயைவிட அதுதான் மலாயாவுக்குப் பொருந்தும்.

தென்னாப்பிரிக்க ஓவியர் நிக்கி டேலி 2006இல் இக்கதையைக் கானா நாட்டுக்குக் கொண்டுபோனார். காட்டுக்குப் பதில் சந்தை, ஓநாய்க்குப் பதில் தெரு நாய். சல்மா என்ற சிறுமியிடம் அந்த நாய் ஒவ்வொன்றாக இரவல் கேட்கிறது: கூடை, செருப்பு, மணிமாலை, தலைத்துணி. பக்கம் திருப்பத் திருப்ப அவளுடைய வண்ணங்கள் நாயின் மேல் ஏறுகின்றன. ஒரேயடியாக விழுங்குவதற்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்குகிறவன் என்ற எண்ணத்தைச் சொல்லாமல் சொல்லும் படங்கள் அவை. சிரிப்பாகவும் இருக்கும்.

சிரிப்பில் எல்லாவற்றையும் மிஞ்சியது பிரான்சின் மார்ஜோலேன் லெரே 2009இல் செய்த குட்டிப் புத்தகம். வெற்றுப் பக்கம். சிவப்புக் கிறுக்கல் ஒன்று சிறுமி. கறுப்புக் கிறுக்கல் ஒன்று ஓநாய். ஓநாய் தின்ன வாயைத் திறந்ததும், வாய் நாறுகிறது என்று சிறுமி ஒரு மிட்டாய் நீட்டுகிறாள். மிட்டாயில் நஞ்சு. ஓநாய் தீர்ந்தது. யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற கணக்கு முந்நூறு ஆண்டுக்குப் பிறகு நேராகிவிட்டது என்று சொல்லலாம்.

புள்ளியும் முக்கோணமும்

கிறுக்கலும் வேண்டாம், புள்ளி போதும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் வார்யா லவாட்டர். 1965இல் பாரிசில் வெளிவந்த அவருடைய நூல், விசிறிபோல மடித்த ஒரே நீளத் தாள். விரித்தால் 4 மீட்டருக்கும் மேல் போகும். முதலில் ஒரு விளக்கக் குறிப்பு: சிவப்புப் புள்ளி சிறுமி, கறுப்பு ஓநாய், நீலம் பாட்டி, மஞ்சள் தாய், பழுப்பு வேடன், பச்சைப் புள்ளிகள் காடு. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கிடையாது. பச்சை அடர்ந்த இடத்தில் சிவப்புப் புள்ளி நகர்கிறது, கறுப்பு நெருங்குகிறது. கதையைத் தெரிந்தவருக்கு நெஞ்சு படபடக்கும். தெரியாதவருக்கு அது வெறும் புள்ளிகள்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க ஓவியர் மோலி பேங் இன்னும் ஒரு படி மேலே போய், ஏன் நெஞ்சு படபடக்கிறது என்று ஆராய்ந்தார். 1991இல் வெளிவந்த அவருடைய நூல், படங்கள் மனத்தில் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பற்றியது. எடுத்துக்கொண்ட கதை இதுவே. கருவிகள் கத்தரிக்கோலும் நாலைந்து வண்ணத்தாளும். வரையத் தெரியாத ஆசிரியரும், எட்டு வயதுப் பிள்ளையும் மேசையில் அமர்ந்து அவர் செய்ததைச் செய்து பார்க்கலாம்.

சிறுமிக்கு அவர் ஒரு சிறிய சிவப்பு முக்கோணத்தை வெட்டினார். அகன்ற அடி, நிலையாக உட்கார்ந்திருக்கும் வடிவம். தாய்க்குப் பெரிய முக்கோணம். ஆனால் அதே சிவப்பில் வெட்டினால் தாய் மிரட்டுவதுபோல் இருந்தது, ஆகவே நிறத்தைத் தணித்து முனைகளை மழுக்கினார். காட்டுக்கு நெட்டுக்குத்தான கறுப்புப் பட்டைகள். அவற்றின் தலை பக்கத்துக்குள் தெரிந்தால் மரம் சிறியதாகிவிடுகிறது. பக்கத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனால் எவ்வளவு உயரமோ என்ற எண்ணம் வருகிறது. முக்கோணத்தை மரங்களுக்குப் பின்னால் தள்ளினால் அவள் காட்டுக்குள் போய்விடுகிறாள். இரண்டு மரங்களைச் சற்றே சாய்த்தால் போதும், அதுவரை அமைதியாக இருந்த காடு அவள் மேல் விழப்போவதுபோல் ஆகிவிடுகிறது.

ஓநாய்க்குக் கூரிய கறுப்பு முக்கோணங்கள். அதைப் பக்கத்தின் முன்னால் பெரிதாக வைத்து, சிறுமியைத் தூரத்தில் சிறிதாக வைத்தார். முனைகளை வட்டமாக்கிப் பார்த்தார்; ஓநாய் வீட்டு நாய்க்குட்டியாகிவிட்டது. மீண்டும் கூராக்கினார். வெள்ளைத் தாளில் பல் வெட்டி வைத்தார். மங்கிய ஊதாப் பின்னணி போட்டு மாலை வேளையாக்கினார். பிறகு கண். கண்ணை மங்கிய ஊதாவில் வைத்தபோது ஓநாய் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்பில் வைத்தார். அந்த நொடியிலேயே ஓநாய் சிறுமியைப் பார்த்துவிட்டது. இரண்டும் ஒரே சிவப்பு.